பெயரை விழுங்கிய கடிதம்

மாணவர்களே, இணையக் கடையில் பொருள் வாங்கியவருக்கு, "அன்புள்ள , உங்கள் ஆர்டர் அனுப்பப்பட்டது" என்று மின்னஞ்சல் வருகிறது. பெயர் எங்கே போயிற்று?

இக்கடிதத்தை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. கணிப்பொறியில் ஒரு மாதிரிக் கடிதம் உண்டு. பெயர், ஆர்டர் எண், தொகை வரவேண்டிய இடங்களில் அடைப்புக்குறிக்குள் குறிச்சொற்கள் மட்டும் இருக்கும். நிரல் அவற்றுக்குரிய விவரங்களைப் பதிவேட்டில் தேடி எடுத்து நிரப்புகிறது.

குறிச்சொல்லில் ஓர் எழுத்துப் பிசகினால்? கனடாவின் ஷாப்பிஃபை நிறுவனம் உருவாக்கி, 2006 முதல் வழங்கிவரும் 'லிக்விட்' மொழி அவ்விடத்தை வெற்றிடமாக விட்டுவிடும். வேறு சில அமைப்புகள் குறிச்சொல்லையே அச்சிட்டுவிடும். இவை கண்ணில் படும் பிழைகள். மாதிரிக்காக எழுதிய '1000 ரூபாய்' நீக்கப்படாமல் தங்கிவிட்டாலோ, எல்லோருக்கும் அதே தொகை போய்ச் சேரும். பார்ப்பவருக்குப் பிழையென்றே தோன்றாது!

போன கடிதத்தைத் திருத்த முடியாது. மாதிரியைத்தான் திருத்த வேண்டும். பெயர் இல்லாதபோது 'வாடிக்கையாளர்' என்று வரும்படி மாற்றுச்சொல்லும் அமைக்கலாம். பிறகு, இரண்டு வெவ்வேறு ஆர்டர்களை வைத்துச் சோதிக்க வேண்டும். ஏன் இரண்டு? மாறவேண்டியது மாறுகிறதா என்பதை ஒன்றை மட்டும் பார்த்து அறிய முடியாதல்லவா?