ஆன் செய்தால் ஓடுகிறது, ரீஸ்டார்ட் செய்தால் நிற்கிறது - ஏன்?

கம்ப்யூட்டரை ஆன் செய்தால் ஒழுங்காக இயங்குகிறது. விண்டோஸ் வருகிறது, வேலையும் நடக்கிறது. ஆனால் ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் திரை கருப்பாகி அப்படியே நின்றுவிடுகிறது. உள்ளே ஃபேன் சுற்றுகிறது, முன்னால் விளக்கு எரிகிறது, மானிட்டரில் மட்டும் ஒன்றும் இல்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து ஆன் செய்தால் மறுபடியும் நன்றாக வருகிறது.

அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கிய பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். உடனே எல்லோரும் செய்வது, விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் பதிவதுதான். அதைச் செய்யும் முன் இந்தக் கட்டுரையைப் படித்துவிடுங்கள். குற்றவாளி விண்டோஸாக இல்லாமல், ரேம் மெமரிக்குக் கொடுக்கப்பட்ட அளவுக்கு மீறிய வேகமாக இருக்கலாம்.

விராலிமலையில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு போட்டோ ஸ்டூடியோ இருக்கிறது. முகூர்த்த நாள் என்றால் மலைக்கோவில் கல்யாணங்களுக்காக விடியற்காலையிலேயே கேமராவுடன் படியேறிவிடுவார் அதன் உரிமையாளர். ஆல்பம் வேலைக்கென்று திருச்சியில் ஒரு கடையில் புதிய கம்ப்யூட்டர் வாங்கினார். ஏஎம்டி ரைசன் 5000 வரிசை பிராசசர், 16 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு. ரேம் 3600 வேகம் கொண்டது என்று கடையில் பெருமையாகச் சொல்லி, அந்த வேகத்திலேயே செட் செய்தும் கொடுத்தார்கள்.

வாங்கியது மாசி மாதம். அப்போது தொல்லை இல்லை. சித்திரை வெயில் ஏறியதும் ரீஸ்டார்ட் கோளாறு தொடங்கியது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். ரேமைக் கழற்றி, தங்க நிறத்தில் இருக்கும் பல் பகுதியை அழி ரப்பரால் தேய்த்து மாட்டினார்கள். (நம் ஊரில் கம்ப்யூட்டருக்கு முதல் வைத்தியம் இதுதான்! ரேம் சரியாகப் பதியாமல் இருந்தால் உண்மையிலேயே பலன் தரும்.) ஒருநாள் ஓடியது. மறுநாள் பழைய கதை. இரண்டாவது முறை விண்டோஸை மாற்றிப் பதிந்தார்கள். மூன்றாவது முறை மதர்போர்டு மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார்.

"அண்ணே, போர்டுக்கு ஒன்பதாயிரம் ஆகுமாம். வாங்கி நாலு மாசம்கூட ஆகலை. ஒரு தடவை நீங்க பாத்துச் சொல்லுங்கண்ணே."

இது போன்ற கோளாறில் முதலில் பார்க்க வேண்டியது, எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத்தான். ரீஸ்டார்ட் கொடுத்ததும் விண்டோஸ் மூடப்படுகிறது. பிறகு மதர்போர்டு தன்னையே பரிசோதித்துக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் லோகோவைக் காட்டுகிறது. அதற்குப் பிறகுதான் விண்டோஸ் டிஸ்க்கில் இருந்து எழுந்து வருகிறது. லோகோ வந்த பிறகு நின்றால் விண்டோஸ், டிரைவர், டிஸ்க் என்று தேடலாம். லோகோவே வராமல் நின்றால், அந்த நேரத்தில் விண்டோஸ் மெமரியில் ஏறவே இல்லை. ஏறாத ஒன்றை எத்தனை முறை மாற்றிப் பதிந்தாலும் என்ன பயன்?

ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் லோகோ வரவில்லை. பக்கவாட்டு மூடியைத் திறந்து வைத்து ரீஸ்டார்ட் செய்தேன். இப்போது வரும் பல மதர்போர்டுகளில் ஓரத்தில் சிபியூ, டிரேம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறிய விளக்குகள் இருக்கும். போர்டு எந்தச் சோதனையில் சிக்கிக்கொண்டதோ அந்த விளக்கு அணையாமல் நிற்கும். இவருடையதில் டிரேம் விளக்கு நின்றது. டிரேம் என்பது நாம் ரேம் என்று சொல்லும் அதே மெமரிதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். விண்டோஸ் 8 வெளியான 2012 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒரு வசதி வந்தது. இது செயல்பாட்டில் இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் மையப் பகுதி டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே எடுத்துக்கொள்ளப்படும். ரீஸ்டார்ட் கொடுக்கும்போதுதான் எல்லாம் முதலில் இருந்து தொடங்கும். எனவே "ரீஸ்டார்ட்டில் மட்டும் தொல்லை" என்றால் டிரைவர் கோளாறாகவும் இருக்கலாம். லோகோ வருகிறதா, இல்லையா என்று பார்க்கச் சொல்வது இந்த இரண்டையும் பிரிப்பதற்காகத்தான்.

இனி, ரேமின் வேகம் ஏன் ரீஸ்டார்ட்டைத் தடுக்க வேண்டும்? பள்ளிக்கூடத்தில் 'சொல்வதை எழுதுதல்' நினைவிருக்கும். ஆசிரியர் நிதானமாகச் சொன்னால் எல்லோரும் பிழையில்லாமல் எழுதுவார்கள். வேகத்தைக் கூட்டினால் ஒருவன் ஒரு சொல்லை விடுவான், இன்னொருவன் தப்பாக எழுதுவான். பிராசசருக்குள் இருக்கும் மெமரி கண்ட்ரோலர்தான் அந்த ஆசிரியர். ரேம் சிப்புகள் மாணவர்கள். கம்ப்யூட்டர் தொடங்கும்போது கண்ட்ரோலர் சில தகவல்களை எழுதி, திரும்பப் படித்து, எந்தக் கால இடைவெளியில், எவ்வளவு மின் அழுத்தத்தில் பேசினால் சரியாகப் போய்ச் சேருகிறது என்று தன்னைச் சரிசெய்துகொள்ளும். இதை மெமரி டிரெயினிங் என்பார்கள். இதில் தோற்றால் லோகோ வராது.

டிடிஆர்4 ரேமுக்கு ஜெடெக் என்ற அமைப்பு வகுத்த தர வேகங்கள் 3200 வரைதான் போகின்றன. மின் அழுத்தம் 1.2 வோல்ட். மேலே சொன்ன பிராசசர் வரிசைக்கு ஏஎம்டி அறிவித்துள்ள உச்ச ரேம் வேகமும் 3200தான். நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் அதைவிடக் குறைவு. அப்படியானால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 3600 என்ன? ரேம் தயாரித்தவர், "1.35 வோல்ட் கொடுத்து, இந்த டைமிங் வைத்தால் 3600-ல் ஓடும்" என்று சோதித்து, அந்தக் குறிப்பை ரேமில் உள்ள ஒரு சிறிய சிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இந்தக் குறிப்புக்குப் பெயர் எக்ஸ்எம்பி. இன்டெல் 2007-ல், டிடிஆர்3 காலத்தில் கொண்டுவந்தது. ஏஎம்டி 2022-ல் டிடிஆர்5-க்காக எக்ஸ்போ என்று தன் சொந்தக் குறிப்பைக் கொண்டுவந்தது.

பயாஸில் எக்ஸ்எம்பியை ஆன் செய்தால் ஒரே கிளிக்கில் அந்த வேகம் வந்துவிடும். எளிதாக இருப்பதால் இதுவும் ஓவர்கிளாக்கிங்தான் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. ரேம் தாங்கும் என்று ரேம் கம்பெனி சொல்கிறது. உங்கள் பிராசசரின் கண்ட்ரோலரும், உங்கள் மதர்போர்டும் சேர்ந்து தாங்குமா என்பதற்கு உத்தரவாதம் தர யாரும் இல்லை. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஓட்டினால் வாரண்டி பாதிக்கப்படலாம் என்று இன்டெல், ஏஎம்டி இரண்டுமே தங்கள் குறிப்புகளில் எழுதியிருக்கின்றன.

விளிம்பில் ஓடும் இப்படிப்பட்ட ரேம், குளிர்ந்திருக்கும் காலையில் டிரெயினிங்கில் தேறிவிடும். மூன்று மணி நேரம் ஆல்பம் வேலை பார்த்துக் கொதித்த பிறகு, அதுவும் மின்விசிறி மட்டுமே உள்ள அறையில், அதே தேர்வில் தோற்கும். மேலும் பல போர்டுகள் ரீஸ்டார்ட்டின்போது முழு டிரெயினிங்கையும் செய்யாமல் முன்பு சேமித்த அளவுகளையே எடுத்துக்கொள்கின்றன. அழி ரப்பரால் ஒருநாள் குணமானது ஏன் என்பதும் இப்போது புரிந்திருக்கும். கழற்றி மாட்டியதில் பெட்டி நன்றாகக் குளிர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

சரி, ரீஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அணைத்து ஆன் செய்துகொள்ளலாமே என்று விட்டுவிடலாமா? அந்தத் தம்பியும் அப்படித்தான் ஒரு மாதம் சமாளித்திருக்கிறார். பேசிக்கொண்டே ஒரு கல்யாணத்தின் படங்களைத் திறந்து காட்டினார். ஒரு படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறத்தில் இருந்தது. "கார்டு போயிடுச்சுன்னு நெனச்சேண்ணே" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கேமரா கார்டிலிருந்து டிஸ்க்குக்குப் போகும் ஒவ்வொரு படமும் ரேம் வழியாகத்தான் போகிறது. அங்கே ஒரு பிட் மாறினால், மாறியபடியே டிஸ்க்கில் எழுதப்படும். எந்த எச்சரிக்கையும் வராது.

எனவே உங்கள் கம்ப்யூட்டரிலும் இந்த அறிகுறி இருந்தால் சரிசெய்யும் வரை புதிய ஃபைல்களைக் காப்பி செய்ய வேண்டாம். கேமரா கார்டையும் பென்டிரைவையும் அழிக்க வேண்டாம்.

இப்போது சரிசெய்யும் வழி. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறக்கவும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரி என்பதைக் கிளிக் செய்தால் ரேம் இப்போது ஓடும் வேகம் தெரியும். டிடிஆர்4-ல் 3200-க்கு மேல் எந்த எண் இருந்தாலும் அது ஓவர்கிளாக்தான். 3200 என்றே இருந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். பயாஸில் பார்த்தால்தான் தெரியும்.

கம்ப்யூட்டரை முழுவதும் அணைத்து, குளிர்ந்த பிறகு ஆன் செய்து, உடனே டெலீட் கீயை (சில போர்டுகளில் எஃப்2) திரும்பத் திரும்பத் தட்டவும். பயாஸ் திரை வரும். எதையும் தொடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்எம்பி, ஏ-எக்ஸ்எம்பி, டிஓசிபி, எக்ஸ்போ - போர்டுக்குப் போர்டு இதில் ஏதாவது ஒரு பெயர் இருக்கும். அதை டிஸேபிள் அல்லது ஆட்டோ என்று மாற்றி, எஃப்10 அழுத்தி சேவ் செய்து வெளியே வரவும்.

பயாஸுக்கே போக முடியாதபடி திரை கருப்பாக இருந்தால்? மின் இணைப்பை பிளக்கிலிருந்தே எடுத்துவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்தவும். போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல இருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி, ஐந்து நிமிடம் கழித்து மாட்டினால் எல்லா செட்டிங்ஸும் கம்பெனியில் இருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். தேதி, நேரம், பூட் வரிசை ஆகியவற்றை மீண்டும் கொடுக்க வேண்டும். பிட்லாக்கர் இயங்கும் கம்ப்யூட்டர் என்றால் விண்டோஸ் ரெகவரி கீ கேட்கக்கூடும். அந்த 48 இலக்க எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வரியைப் படிக்காமல் டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் இழந்து நிற்க வேண்டாம்.

ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் எக்ஸ்எம்பியை எடுத்ததும் ரேம் 2666-ல் ஓடியது. மத்தியான வெயிலில் இரண்டு மணி நேரம் ஆல்பம் வேலை செய்யவிட்டு, அந்தச் சூட்டிலேயே பத்து முறை ரீஸ்டார்ட் செய்தோம். பத்து முறையும் லோகோ வந்தது.

ஆனாலும் அதோடு விடக்கூடாது. ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடினால் ஒரு சோதனை புரோகிராம் கிடைக்கும். மேலோட்டமாகப் பார்க்க அது போதும். எனக்கு மெம்டெஸ்ட்86 மேல்தான் நம்பிக்கை. இலவசப் பதிப்பை பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, இரவு முழுவதும் ஓடவிடுங்கள். காலையில் பிழை எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்று, இரண்டு இருந்தால் பரவாயில்லை என்பதெல்லாம் இதில் கிடையாது. சாதாரண வேகத்திலேயே பிழை வந்தால் ரேமே பழுது; ஒவ்வொன்றாக மாட்டிச் சோதித்து, கெட்டதை வாரண்டியில் மாற்றிக்கொள்ளுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் மாட்டும்போது, பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்தான் சரியானவை. வேறு வேறு கம்பெனி ரேம்களை ஜோடி சேர்த்து எக்ஸ்எம்பி போடுவது தொல்லையை விலைக்கு வாங்குவது.

"மூவாயிரத்து அறுநூறுக்குக் காசு குடுத்திருக்கேனேண்ணே" என்றார் தம்பி. நியாயம்தான். பயாஸில் எக்ஸ்எம்பியைத் திரும்ப ஆன் செய்து, ரேம் வேகத்தை மட்டும் கையால் 3200 என்று குறைத்தேன். அன்றிரவு மெம்டெஸ்ட்86 பிழை இல்லாமல் முடிந்தது. 200 படங்களைச் சிறிதாக்கி ஏற்றுமதி செய்ய 3600-ல் எவ்வளவு நேரம், 3200-ல் எவ்வளவு நேரம் என்று கடிகாரம் வைத்துப் பார்த்தோம். சில விநாடிகள் வித்தியாசம். அதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. ஏனென்றால் 1998-ல் வந்த செலரான் 300ஏ பிராசசரை 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டி, ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்! அது ஒன்றரை மடங்கு வேகம். இது எட்டில் ஒரு பங்கு, அதுவும் ரேமுக்கு மட்டும்.

புதிய பயாஸ் பதிப்புகளில் ரேம் ஒத்துழைப்பு மேம்படுவது உண்டு. மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்குரியதை மட்டும் இறக்கிப் பதியலாம். ஆனால் பதியும்போது கரண்ட் போனால் போர்டே எழாமல் போகலாம். யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

டிடிஆர்5 கம்ப்யூட்டர் வாங்கியிருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. புதிய டிடிஆர்5 கம்ப்யூட்டரை முதல் முறை ஆன் செய்யும்போதும், பயாஸ் செட்டிங்ஸை மாற்றிய பிறகும் திரை சில நிமிடங்கள் கருப்பாகவே இருக்கலாம். டிரெயினிங் நடக்கிறது, பயந்துபோய் பவரை அணைத்துவிடாதீர்கள். ஏஎம்5 போர்டுகளில் இந்தக் காத்திருப்பைக் குறைக்க மெமரி காண்டெக்ஸ்ட் ரீஸ்டோர் என்ற செட்டிங் உண்டு. எக்ஸ்போவுடன் இதையும் ஆன் செய்த பிறகு ரீஸ்டார்ட்டில் தொல்லை வந்தால், முதலில் இதை ஆஃப் செய்து பாருங்கள். தொடங்க நேரம் எடுக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக டிரெயினிங் நடக்கும்.

ஸ்டூடியோவில் அந்த ஒரு மாதத்தில் காப்பி செய்த படங்களை எல்லாம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். 26 படங்கள் கெட்டிருந்தன. 17 படங்கள் இன்னும் அழிக்கப்படாத ஒரு கார்டில் கிடைத்தன. மீதி 9 படங்கள் இருந்த கார்டை ஃபார்மட் செய்து, அதற்குமேல் வேறு இரண்டு கல்யாணங்களை எடுத்துவிட்டார். அந்த ஒன்பதில் மாலை மாற்றும் படமும் ஒன்று. பெண் வீட்டாரிடம் அவரே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.