நதியின் பாத்தியதை

டில்லி மாநகரில் யமுனா நதியின் இரு கரைகளிலுமுள்ள படுகை நிலங்களை, ஜனங்கள் உலாவவும் இளைப்பாறவும் இயற்கையைக் கண்டறியவும் தக்க பூங்காக்களாகத் திருத்தும் வேலை சில ஆண்டுகளாக நடந்து வருகிறது. ராஜதானியின் நடுவே ஓடும் நதியின் கரையில் ஏழையும் செல்வனும் ஒரே பாதையில் நடந்து காற்று வாங்க ஓர் இடம் வேண்டுமென்பதை யார் மறுப்பார்? நாமும் மறுக்கவில்லை. ஆனால் நிலம் யாருடையது என்ற கேள்வியைத் தீர்க்காமல் அதன் மேல் எதை அமைத்தாலும் அது நிலைக்காது என்பதைச் சொல்ல வேண்டியது நமது கடமையாகிறது.

தன் நிலத்தைப் பிறனொருவன் பகிரங்கமாக அனுபவித்து வருவதைக் கண்டும் 12 ஆண்டுகள் வாளாவிருக்கும் சொந்தக்காரன், வழக்குத் தொடுக்கும் உரிமையை இழக்கிறான் என்பது நமது காலவரையறைச் சட்டம். சர்க்காருக்கு இந்தக் கெடு 30 ஆண்டுகள். நதிக்கோ இச்சட்டம் செல்லாது. 1978-ல் யமுனை டில்லிப் பழைய ரயில் பாலத்தருகே 207.49 மீட்டர் மட்டத்துக்கு ஏறிற்று. பிறகு 45 ஆண்டுகள் அந்த மட்டத்தை அது எட்டவில்லை. 2023 ஜூலையில் 208.66 மீட்டர் ஏறி, செங்கோட்டையின் புறத்திலும் ராஜகாட்டிலும் சிவில் லைன்ஸ் வீதிகளிலும் புகுந்து, தன் பாத்தியதை காலாவதியாகவில்லையென்று காட்டிற்று. 2025 செப்டம்பரில் மறுபடியும் 207.48 மீட்டர் வரை வந்தது.

இதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. 1978-ல் மேலே அணையிலிருந்து வந்த வெள்ளம் விநாடிக்கு 7 லட்சம் கனஅடி. 2023-ல் வந்தது சுமார் 3.6 லட்சமே. தண்ணீர் பாதி, மட்டமோ முன்னிலும் அதிகம்! வண்டல் மேடிட்டதும், மதகுகள் சில திறக்க முடியாமற் போனதும் காரணங்களென்பது உண்மையே. ஆயினும் நதி பரந்து நிற்பதற்கிருந்த இடத்தை நாம் சுருக்கிவிட்டோமென்பதே மூலகாரணம். 2015 டிசம்பரில் அடையாறு சென்னைவாசிகளுக்குக் கற்பித்த பாடமும் இதுவேயன்றி வேறில்லை.

காமன்வெல்த் விளையாட்டு வீரர்களின் குடியிருப்பை யமுனைக் கரையில் எழுப்பலாமா என்ற வியாஜ்யத்தில், அவ்விடம் வெள்ளச் சமவெளியன்று என்று சுப்ரீம் கோர்ட்டு 2009-ல் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குத் தலைவணங்குகிறோம். ஆனால் தீர்ப்பு கட்சிக்காரர்களையே கட்டுப்படுத்தும். நதி அவ்வழக்கில் கட்சியன்று. 2015 ஜனவரியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் படுகையில் கட்டடம் கூடாதென்று உத்தரவிட்டது. மறு ஆண்டே அதே படுகையில் மூன்று நாள் பெருவிழாவொன்றுக்கு, 5 கோடி ரூபாய் கட்டச் சொல்லி அதே தீர்ப்பாயம் இடங்கொடுத்தது. தவறுக்கு விலை குறித்தால், விலை கொடுக்க வல்லவன் தவறு செய்யாமலிருப்பானா?

நல்வழி இன்னதென்பதும் டில்லியிலேயே கண்கூடாயிருக்கிறது. வஜீராபாத்துக்கு அருகே, உவர் பாய்ந்து கிடந்த நிலத்தில், டில்லி அபிவிருத்தி ஸ்தாபனமும் டில்லிப் பல்கலைக்கழகத்துச் சாஸ்திரிகளும் கூடி 2002 முதல் யமுனைப் பல்லுயிர்ப் பூங்காவை அமைத்தனர். பரப்பு 457 ஏக்கர். கற்பாதைக்கும் அலங்கார விளக்குக்கும் அங்கே முதலிடமில்லை. சதுப்பு நீர்நிலைகளையும் புல்வெளிகளையும் நதிக்கரைக்குரிய மரங்களையும் மீண்டும் உண்டாக்கினர். பனிக்காலத்தில் தூர தேசத்துப் பறவைகள் வந்திறங்குகின்றன. 2016-ல் சிறுத்தையொன்றும் வந்தது. வெள்ளம் வந்தால் அந்தப் பூங்கா அதை வரவேற்கும். பின்னர் அமைத்த அஸிதா, பான்ஸேரா என்னும் பூங்காக்களோ 2023 வெள்ளத்தில் மூழ்கின. மூழ்கியதைக் குற்றமென்று சொல்லோம். படுகைப் பூங்கா மூழ்கவே வேண்டும். மூழ்கிக் கெடும் பொருளுக்குப் பொதுப்பணத்தைச் செலவிடுவதே குற்றம்.

இனி, யாவரும் சொல்லத் தயங்கும் விஷயத்துக்கு வருவோம். இந்தப் படுகையில் தலைமுறையாகக் கீரையும் காய்கறியும் பயிரிட்டு டில்லிக்கு ஊட்டிய உழவர்களின் குடிசைகள் பூங்காவின் பெயரால் இடிக்கப்படுகின்றன. நதி ஜலம் நஞ்சானதால் அங்கே உண்பொருள் விளைவித்தல் கூடாதென்கிறார்கள். நஞ்சைக் கலந்தவர் யார்? நகரத்தின் சாக்கடையும் தொழிற்சாலையுமன்றோ? 2004-ல் யமுனா புஷ்தாவின் பல்லாயிரம் ஏழை ஜனங்களும் கரையை அழகுபடுத்துவதற்கென்றே அகற்றப்பட்டனர். வெள்ளம் வடியக் காத்திருந்து உழுகிறவனும், அது வரக்கண்டு ஒதுங்குகிறவனுமே நதியின் பாத்தியதையை ஒப்புக்கொண்ட குடியானவன். அவனை ஆக்கிரமிப்பாளனென்று விரட்டிவிட்டு, கான்கிரீட் எழுப்பியவனைக் கௌரவிப்பது எந்த நியாயம்?

ஆகவே நாம் கோருவன மூன்று. முதலாவது, படுகையில் மண்மேடும் சுவரும் கான்கிரீட் தளமும் எழுப்பலாகாது. நதி வந்தால் வழிவிட்டு நிற்கும் புல்லும் மரமும் மண்பாதையுமே போதும். இரண்டாவது, உழவனுக்கு மாற்று நிலமோ, அந்தப் பூங்காவிலேயே மரம் வளர்க்கும் நிலையான வேலையோ கொடுத்த பின்னரே அவன் குடிசையில் கை வைக்க வேண்டும். மூன்றாவது, பூங்கா நிர்வாகத்தில் கரைவாசிகளுக்கும் அவ்வுழவர்களுக்கும் இடமிருக்க வேண்டும். அதிகாரிகள் மட்டும் கூடித் தீர்மானித்தால் அது ஜனங்களின் பூங்காவாகாது.

யமுனைக்காகப் பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேறிய மனோஜ் மிஸ்ரா, காட்டிலாகா உத்தியோகம் வகித்தவர், 2023 ஜூனில் காலமானார். அடுத்த மாதமே நதி எழுந்து அவர் கட்சியைத் தானே வாதித்தது. வாதம் முடியவில்லை. அடுத்த வாய்தா என்றென்று யாருக்கும் தெரியாது. அதற்குள் நதியின் இடத்தை நதிக்கும், உழவனின் இடத்தை உழவனுக்கும் ஒதுக்கி, எஞ்சியதில் நாம் உலாவக் கற்றுக்கொள்வோமாக.