குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கும் ஒரு குரல்

"கொலைகாரனுக்காக வாதாடுவது பாவமன்றோ?" என்று நம் குடும்பங்களில் நல்லோர் பலர் வினவுவதுண்டு. கொலைகாரன் என்பது வழக்கின் முடிவில் வரவேண்டிய சொல். அதுவரை அவன் குற்றஞ்சாட்டப்பட்டவன் மட்டுமே. தமிழகம் நன்கறிந்த வழக்கொன்று இவ்வேறுபாட்டை விளக்கும்.

1944 நவம்பர் 8ஆம் நாள் சென்னை வேப்பேரியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் உயிர்நீத்தார். திரையுலகினரைப் பற்றி அவதூறு எழுதிவந்தவர் அவர். அவரைக் கொல்லச் சதி செய்தனர் என்று எம்.கே. தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாயினர்.

உயர்நீதிமன்றத்தில் ஜூரி முன்னிலையில் வழக்கு நடைபெற்றது. ஒன்பது ஜூரர்களில் அறுவர் ஒத்த கருத்தினராய் இருந்து, நீதிபதியும் இசைந்தால் போதும் என்பது அக்காலச் சட்டம். 1945 மே மாதம் இருவரும் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டு ஆயுள் தண்டனை பெற்றனர். மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. ஊரார் பலர் வழக்கு முடிந்ததென்றே எண்ணியிருப்பர்.

வழக்கறிஞர்கள் சோரவில்லை. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றனர். மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்குமாறு அது பணித்தது. மறுவிசாரணையில் வாதாடிய வி.எல். எத்திராஜ் முன்னர் அரசுத் தரப்பு வழக்கறிஞராயிருந்து பலரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியவர். சாட்சியம் நம்பத்தக்கதன்று எனக் கண்ட நீதிமன்றம், 1947 ஏப்ரலில் இருவரையும் விடுவித்தது. சிறையில் கழிந்த இரண்டாண்டுக்கு மேற்பட்ட காலமோ மீளவில்லை. பாகவதரின் பழைய புகழும் திரும்பவில்லை.

வழக்கறிஞரின் கடமை பொய்ச்சாட்சி தேடுவதன்று. எதிர்த்தரப்புச் சாட்சியைத் துருவி ஆராய்வதே. விவிலியத்தில் சூசன்னாவை மக்கள் கூட்டம் சாவுக்குத் தீர்ப்பிட்டபோது, தானியேல் செய்ததும் அதுவே. இரு முதியோரையும் தனித்தனியே வினவினார், அவர்கள் சொன்ன மரங்கள் வேறு வேறாயின, பொய் வெளிப்பட்டது.

இந்தியாவில் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஜூரி முறையை நீக்கியது. இன்று கிருஷ்ணகிரி அமர்வு நீதிமன்றத்தில் கொலை வழக்கைத் தீர்ப்பவர் நீதிபதியே. வழக்கறிஞரின் கடமை மாறவில்லை. பொருளற்றவருக்கு அரசே வழக்கறிஞரை அமர்த்தித் தரவேண்டும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இதற்கென இயங்குகிறது. ஓசூர் ஆலைகளை நாடி அயல் மாநிலங்களிலிருந்து வந்துள்ள எளியோருக்கும் இவ்வுரிமை உண்டு.

அன்பர்களே, கொலையுண்டவர் வீட்டாரின் கண்ணீரைத் துடைப்பது நம் கடமை. நம் தெருவில் ஒருவர் கைதானால், தீர்ப்பு வருமுன் அவருடைய மனைவி மக்களை ஒதுக்காதிருப்பதும் நம் கடமையே. தண்ணீர்க் குழாயடியிலும் கோயில் வாசலிலும் நாம் வழங்கும் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.