ரோட்டவேட்டரில் சிக்கிய வைக்கோலை எடுக்கும் முன் இன்ஜினை அணையுங்கள்

குறுவை அறுவடை முடிந்து தாளடிக்கு உழவு ஓட்டும் வயல்களில், அறுவடை இயந்திரம் விட்டுச் சென்ற வைக்கோல் ரோட்டவேட்டர் கத்திகளில் கயிறு போலச் சுற்றிக்கொள்ளும். டிரைவர் இறங்குவார். ரோட்டவேட்டரை ஹைட்ராலிக்கில் தூக்கிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டபடியே அரிவாளால் வைக்கோலை அறுப்பார். உழவுப் பணியில் கை, கால் போகும் விபத்துகள் இப்படியும் நடக்கின்றன.

ரோட்டவேட்டரைச் சுற்றவைக்கும் பி.டி.ஓ. ஷாப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். அதாவது ஒரு நொடிக்கு 9 சுற்று. ஷாப்டின் விட்டம் 5 செ.மீ. என்றால்கூட, வேட்டி நுனி அதில் மாட்டினால் நொடிக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர் துணி உள்ளே போகும். நான்கு முழ வேட்டி முழுவதும் சுற்ற ஒன்றரை நொடி போதும். அதற்குள் கையை நீட்டி கிளட்சைத் தொடவும் முடியாது. துணி கிழிந்தால் பிழைத்தோம். கிழியாவிட்டால் ஆளை இழுத்துவிடும்.

பயிற்சிக்கு வரும் டிரைவர்களிடம் "ஏன் அணைக்காமல் இறங்குகிறீர்கள்?" என்று கேட்டால் அலட்சியம் என்று யாரும் சொல்வதில்லை. "பேட்டரி வீக் சார், அணைத்தால் தள்ளித்தான் எடுக்கணும்" என்பார்கள். சேற்றில் நிற்கும் டிராக்டரை யார் தள்ளுவது? அதனால் நான் முதலில் பேட்டரியைத்தான் பார்க்கச் சொல்கிறேன். பருவம் தொடங்கும் முன் பேட்டரியையும் செல்ப் மோட்டாரையும் சரிசெய்துவிட்டால், அணைக்கத் தயங்க மாட்டார்கள். இன்னொரு காரணம் மணிக்கணக்கு வாடகை. வயல்காரர் வரப்பில் நின்று கடிகாரத்தைப் பார்த்தால் டிரைவர் அவசரப்படத்தான் செய்வார். "அடைசல் எடுக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கோங்க" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். ஐந்து நிமிட வாடகை பெரிய பணமில்லை.

அடைசல் எடுக்கும் முறை இதுதான். பி.டி.ஓ. லிவரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். சாவியை வண்டியில் விட்டால் வீட்டுப் பிள்ளைகள் யாராவது திருப்பிவிடலாம். பி.டி.ஓ.வை எடுத்த பிறகும் கத்திகள் சில நொடிகள் சுற்றும். முழுதாக நிற்கும்வரை அருகில் போகாதீர்கள். தூக்கிய ரோட்டவேட்டரை ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி விடாமல், சட்டத்தின் அடியில் இரண்டு பக்கமும் தடித்த மரக்கட்டை வைத்த பின்பே கத்தியில் கை வையுங்கள்.

ஷாப்டின் மேல் வரும் பிளாஸ்டிக் உறை உடைந்ததும் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். புதிது வாங்கி மாட்டுங்கள். டிராக்டர் வேலைக்கு லுங்கி, தொங்கும் துண்டு, துப்பட்டா வேண்டாம். ஆழம் கிடைக்கட்டும் என்று ரோட்டவேட்டர் மேல் ஆளை ஏற்றுவதை இன்றும் பார்க்கிறோம். அப்படி நிற்பவர் தடுமாறினால் நேராகக் கத்தியில்தான் விழுவார். பாரம் வேண்டுமென்றால் மணல் மூட்டையைக் கட்டுங்கள்.

சேற்றில் டிராக்டர் புதைந்தால் பின்சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி ஏற்ற முயலாதீர்கள். சக்கரம் சுற்ற முடியாதபோது முன்பக்கம் தூக்கி, டிரைவர் மேலேயே வண்டி கவிழும். மண்ணை வெட்டிவிட்டு ரிவர்ஸில் எடுங்கள். வராவிட்டால் வேறு டிராக்டரை வைத்து இழுங்கள்.

யாராவது சிக்கிவிட்டால் முதலில் இன்ஜினை அணைத்து, இறுகிய துணியை அறுத்து விடுங்கள். ஆளை விடுவிக்க இயந்திரத்தை மறுபடி ஓட்டிப் பார்க்கக் கூடாது. ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடித்தபடி 108-ஐ அழையுங்கள். காபித்தூளோ மஞ்சளோ வைக்காதீர்கள். விரல் துண்டாகியிருந்தால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் உள்ள இன்னொரு பையில் வைத்து உடன் கொண்டுபோங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது.