அம்மாவின் மனசுக்கும் ஒரு கை கொடுப்போம்



குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் குழுவின் தீர்மான நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு உறுப்பினர் பெயருக்கு நேரே தொடர்ந்து நாலு கூட்டத்துக்கு, "வரவில்லை, அபராதம் 10 ரூபாய்" என்று எழுதியிருந்தது. சேமிப்பு மட்டும் தவறாமல் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். "ஏம்மா வரலை?" என்று யாரும் போய்க் கேட்கவில்லை. அந்த நோட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட நாங்களும் கேட்கவில்லை.

பிறகுதான் அவர் வீட்டுக்குப் போனோம். மூன்றரை வயதுப் பையன். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. பேச்சு வரவில்லை. குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். ஒரு கூட்டத்தில் அவன் கத்தினபோது, "புள்ளைய வளர்க்கத் தெரியல" என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். அன்றோடு இவர் வருவதை நிறுத்திவிட்டார்.

"மாசமா இருக்கும்போதே எனக்கு மனசு சரியில்லக்கா. அழுதுகிட்டே இருப்பேன். அதனாலதான் இவன் இப்படிப் பொறந்தான்னு மாமியார் சொல்றாங்க. நானும் அப்படித்தான் நெனைக்கிறேன்" என்றார்.

அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை.

மாசமா இருக்கும்போது மனசு

கர்ப்பிணிக்கு எடை பார்க்கிறோம், ரத்தம் பார்க்கிறோம், சத்து மாத்திரை கொடுக்கிறோம். "மனசு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பது மட்டும் விட்டுப்போகிறது. வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் 100க்கு சுமார் 16 பேருக்கும், பிரசவமானவர்களில் சுமார் 20 பேருக்கும் மனநலப் பிரச்சினை வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் முக்கியமானது மனச்சோர்வு. 20 பேர் உள்ள ஒரு குழுவை நினைத்துப் பாருங்கள். இது நம் பாயில் உட்கார்ந்திருப்பவர்களின் விஷயம்.

பிரசவமாகி மூணு நாலு நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது நிறையப் பேருக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் அது தானாகச் சரியாகிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் கீழே சொல்வது தொடர்ந்தால் அதை மனச்சோர்வாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்:

- எதிலும் பிடிப்பு இல்லை, எப்போதும் துக்கம்
- குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் இல்லை
- பசி இல்லை, குளிக்கக்கூட மனசில்லை
- "நான் நல்ல அம்மா இல்லை" என்ற எண்ணம்
- "செத்துப்போனால் தேவலை" என்ற பேச்சு

இது சோம்பேறித்தனமும் இல்லை, பேய் பிடித்ததும் இல்லை. வைத்தியம் இருக்கிறது. ரத்தசோகை, தைராய்டு இருந்தாலும் இதே அசதி வரும், அதனால் ரத்தப் பரிசோதனையும் அவசியம். பால் கொடுக்கும் தாய் எடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு. டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. பிரசவமான பெண் ராத்திரி பகல் தூங்காமல், இல்லாத குரல் கேட்கிறது என்று சொன்னாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. 108ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தாயையும் குழந்தையையும் தனியே விடக் கூடாது.

"என்னாலதான் இப்படியா?"

இல்லை, சகோதரி. உங்களால் இல்லை.

ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதம் வேறாக இருப்பது. 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் இப்படிப்பட்ட 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அதற்குப் பிறகு பல வருஷம் படித்த டாக்டர்களே, "தாய்க்குப் பாசம் இல்லை, அதனால் பிள்ளை இப்படி" என்று பழி போட்டார்கள். அந்தத் தாய்மாரை "ஃபிரிட்ஜ் அம்மா" என்றுகூடச் சொன்னார்கள். பெர்னார்ட் ரிம்லாண்ட் என்பவருக்கு ஆட்டிசம் உள்ள மகன் இருந்தான். 1964இல் அவர் அது தப்பு என்று புத்தகமே எழுதினார். 1977இல் இங்கிலாந்தில் இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியும், அதற்குப் பின் வந்தவையும், ஆட்டிசத்தில் மரபணுவுக்குத்தான் பெரிய பங்கு என்று காட்டின.

ஆக, மாமியார் சொன்னது புதுசு இல்லை. படித்தவர்களே சொல்லிக் கைவிட்ட பழைய பழி. கிரகணம் பார்த்ததாலோ, மாசமாக இருக்கும்போது அழுததாலோ ஆட்டிசம் வருவதில்லை. தடுப்பூசியாலும் இல்லை. அப்படிச் சொன்ன 1998ஆம் வருஷக் கட்டுரையை, அதை வெளியிட்ட பத்திரிகையே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அப்படியானால் மனச்சோர்வை ஏன் பார்க்க வேண்டும்? அம்மா நல்லா இருப்பது அம்மாவுக்காகவே முக்கியம். அதோடு, இந்தப் பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்கப்போவதும் பெரும்பாலும் அவர்தான். காலி பானையிலிருந்து எத்தனை நாள் மோந்து ஊற்ற முடியும்?

எப்போது காட்ட வேண்டும்?

ஒரு வயதில் பேர் சொன்னால் திரும்பவில்லை, விரலால் சுட்டிக் காட்டவில்லை. ஒன்றரை வயதாகியும் ஒரு வார்த்தை வரவில்லை. இரண்டு வயதில் "அம்மா வா" மாதிரி இரண்டு வார்த்தை சேர்க்கவில்லை. வந்த பேச்சு நின்றுபோனது. இதில் ஒன்று இருந்தாலும், "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று தள்ளிப்போடாதீர்கள். அங்கன்வாடி டீச்சரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொல்லுங்கள். காது கேட்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சிறு வயதில் பயிற்சி தொடங்கினால் பிள்ளைக்கும் உதவி, அம்மாவின் தவிப்பும் குறையும்.

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் வீட்டுக்கே போய், சாப்பாடு ஊட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் என்ன பயிற்சி தரலாம் என்று அம்மா அப்பாவுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

அப்பாவின் மனசு

இந்த வீட்டு அப்பா கவாத்து வேலைக்குப் போகிறவர். பையனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு குடி அதிகமானது. ஆம்பளை அழக் கூடாது என்று சொல்லியே வளர்த்துவிட்டோம், அந்தத் துக்கம் குடியாகவும் கோபமாகவும் வெளியே வருகிறது. ஆஸ்பத்திரிக்கு அவரையும் கூட்டிப்போனோம். டாக்டர் அவரிடமும் நேராகப் பேசினார். தினம் சாயங்காலம் பையனோடு அரை மணி நேரம் பந்து உருட்டுவது அவர் பொறுப்பு. குடி இன்னும் முழுசாக நிற்கவில்லை. ஆனால் அந்த அரை மணி நேரத்தை அவர் விடுவதில்லை.

குழுவால் ஆகுமா?

"நாம படிக்காதவங்க, நம்மால என்ன ஆகும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. ஜார்க்கண்ட், ஒடிசா ஆதிவாசி கிராமங்களில் 2005 முதல் 2008 வரை ஏக்ஜுட் என்ற அமைப்பு, நம்மைப் போன்ற பெண்கள் குழுக்களை மாதம் ஒரு முறை கூட்டியது. படம், கதை, விளையாட்டு மூலம் பிரசவப் பிரச்சினைகளைப் பேசி, தீர்வையும் பெண்களே கண்டார்கள். குழு இல்லாத பகுதிகளோடு ஒப்பிட்டால், பிறந்த ஒரு மாதத்துக்குள் குழந்தைகள் சாவது 32 சதவீதம் குறைவு. தாய்மாரின் மனச்சோர்வில் மூன்று வருஷத்தையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மூன்றாம் வருஷத்தில் மட்டும் 57 சதவீதம் குறைவு. நாலு கூட்டத்தில் நடந்த மாற்றம் இல்லை இது. விடாமல் கூடியதால் வந்தது.

நம் குழுவில் செய்யக்கூடியவை:

1. கர்ப்பிணி, கைக்குழந்தைக்காரி, இப்படிப்பட்ட பிள்ளை உள்ள தாய் ஒவ்வொருவருக்கும் ஒரு உறுப்பினர் துணை. வாரம் ஒரு தடவை வீட்டுக்குப் போய் வர வேண்டும். புத்தி சொல்ல வேண்டாம். காது கொடுத்துக் கேட்டால் போதும்.

2. மழைக்காலத்தில் தனியாக அடைந்து கிடப்பவரை முதலில் பாருங்கள். காட்டெருமை, யானை பயத்தில் சாயங்காலம் வெளியே வர முடியாதென்றால் கூட்டத்தைப் பகலில் வைக்கலாம், அவர் வீட்டுக்குப் பக்கத்திலும் வைக்கலாம்.

3. சாக நினைக்கிறாரோ என்று தோன்றினால் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியே விடாதீர்கள். டெலி மனஸ் எண் 14416, செலவில்லை, ராத்திரி பகல் எப்போதும் பேசலாம், தமிழிலும் பேசலாம். மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எந்த நாளில் எந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.

4. உரிமையைப் பெற்றுக் கொடுங்கள். 2016ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு. அடையாள அட்டை, பராமரிப்பு உதவித்தொகை பற்றி ஊட்டியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். நிராமயா காப்பீட்டில் ஆட்டிசம் உள்ளவருக்கு வருஷம் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். பேருந்துச் செலவுக்கு உள்கடன் கொடுக்கலாம்.

5. வீட்டில் கேட்டது வெளியே போகக் கூடாது. வம்பு பேசினால் அடுத்த தடவை கதவு திறக்காது.

அந்தக் குழு என்ன செய்தது தெரியுமா? போட்ட 40 ரூபாய் அபராதத்தை ரத்து செய்து தீர்மானம் போட்டார்கள். கூட்டத்தை அவர் லைனுக்கு மாற்றினார்கள். கூட்டம் நடக்கும் நேரத்தில் இரண்டு பேர் முறை வைத்துப் பையனைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர் வைத்தியம் எடுத்துக்கொள்கிறார், இப்போது தூக்கம் வருகிறது. பையனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. ஆனால் தண்ணி வேண்டுமென்றால் டம்ளரை எடுத்து வந்து நீட்டுகிறான். யார் நீட்டிய டம்ளர் என்று இப்போது அந்த லைன் முழுக்கத் தெரியும்.

அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டை எடுங்கள், சகோதரிகளே. "வராதவர்" என்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். அதில் அபராதத் தொகையை எழுத வேண்டாம். அவரைப் போய்ப் பார்த்து வந்தவர் பெயரை எழுதுங்கள்.