எண்டூரோ வாங்கப் போறீங்களா? முதல்ல ஒரு டீ சொல்லுங்க

கரிவலம்வந்தநல்லூர் டீக்கடை முன்னால் உயரமான ஒரு எக்ஸ்பல்ஸ் பைக் வந்து நின்றால், மூன்று கேள்விகள் வரிசையாக வரும். "என்ன விலை அண்ணாச்சி?" "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?" பிறகு சற்றுத் தயங்கி, "நம்ம ஊருக்கு இது சரிப்படுமா?" முதல் இரண்டுக்கும் ஷோரூமில் பதில் கிடைத்துவிடும். மூன்றாவதுக்குத்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.

எண்டூரோ என்பது முதலில் ஒரு பந்தய வகை. 1913இல் இங்கிலாந்தின் கார்லைல் ஊரில் தொடங்கிய ஆறு நாள் போட்டிதான் இதற்குத் தாய். அங்கே வேகம் மட்டும் போதாது. காடு, மேடு, சேறு எல்லாம் கடந்து குறித்த நேரத்துக்குள் அடுத்த இடத்தைத் தொட வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. வழியில் வண்டி மக்கர் செய்தால் ஓட்டுகிறவரே சரிசெய்துகொள்ள வேண்டும். எக்ஸ்பல்ஸ் மாதிரி எண்டூரோ பாணி வண்டியை வாங்குகிறவர் வீட்டுக்கும் அந்த விதி கூடவே வந்துவிடுகிறது. இதன் சுகமும் தொல்லையும் அதிலிருந்தே தொடங்குகின்றன.

சுகத்தை முதலில் பார்ப்போம். சாதாரண ஸ்ப்ளெண்டருக்கு 18 அங்குலச் சக்கரம். 2019இல் வந்த எக்ஸ்பல்ஸ் 200க்கு முன்சக்கரம் 21 அங்குலம். சக்கரம் பெரிதானால் குழியில் விழுவது குறையும், கல்லின் மேல் ஏறுவது எளிதாகும். ஸ்ப்ளெண்டரின் அடிவயிறு தரையிலிருந்து 165 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. எக்ஸ்பல்ஸில் அது 220. வண்டிப்பாதையின் நடுவில் மேடு தட்டி நிற்குமே, அதில் இடிக்காமல் போகலாம். முன் ஃபோர்க் 190 மில்லிமீட்டர் வரை அமுங்கி எழும். தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்து வரப்பில் நடக்கும் பெண்ணைப் பாருங்கள். முழங்கால் மடங்கி நிமிர்கிறது, குடம் தளும்புவதில்லை. ஃபோர்க்கும் பின் ஷாக்கும் அந்த முழங்கால் வேலையைத்தான் செய்கின்றன.

மேடுபள்ளத்தில் உட்கார்ந்து ஓட்டக் கூடாது. ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று, முட்டியைத் தளர்த்தி, டேங்கைத் தொடையால் லேசாக அணைத்துக்கொள்ள வேண்டும். அப்போது வண்டி கீழே ஆடும், உடம்பு ஆடாது. மணலில் இது இன்னும் முக்கியம். நிட்சேப நதிக்கரையை ஒட்டிய மணல் தடத்தில் பயந்து ஆக்சிலேட்டரை விட்டால் முன்சக்கரம் உழத் தொடங்கிவிடும். எடையைச் சற்றுப் பின்னுக்குக் கொண்டுபோய், சீராகக் கொடுத்துக்கொண்டே இருந்தால் தானே மிதந்து வரும். இருபது, முப்பது கிலோமீட்டர் வேகத்தில், கவனம் முழுக்க அடுத்த பத்தடியில் நிற்கும். தார்ச் சாலையில் நூறில் போனாலும் இந்த ருசி கிடைக்காது.

இனி தொல்லை. ஒவ்வொரு சுகத்துக்கும் தனித்தனியாக வாடகை உண்டு.

பெரிய சக்கரம் கம்பிச் சக்கரம். கல்லில் மோதினால் வளைந்துகொடுக்கும்; அலாய் என்றால் விரிசல் விடும். ஆனால் கம்பி பூட்டிய துளைகள் வழியே காற்று இறங்கும் என்பதால் இந்த வண்டிகளில் பெரும்பாலும் உள்ளே டியூப்தான். நம் ஊர்ப் பொழியெங்கும் உடைமுள், சீமைக்கருவேல முள். டியூப்லெஸ் டயரில் முள் ஏறினால் காற்று மெல்ல இறங்கும், வீடு வந்து சேரலாம். டியூப் என்றால் அதே இடத்தில் உட்கார வேண்டியதுதான். பிடிமானத்துக்காகக் காற்றைக் குறைத்து ஓட்டினால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கிக் கிழியும். பருத்திக் காட்டு நடுவில் 150 கிலோவுக்கு மேற்பட்ட இரும்பைத் தள்ளிப் பார்த்தவர்கள் மறுநாளே டயர் லீவரும் கைப்பம்பும் வாங்கிவிடுவார்கள்.

உயரத்துக்கும் வாடகை உண்டு. எக்ஸ்பல்ஸின் இருக்கை 820 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. 2024 டிசம்பரில் 3.30 லட்சம் ரூபாய்க்கு வந்த கவாசாகி கேஎல்எக்ஸ் 230இல் அது 880. சரிவில் நிறுத்தும்போது பள்ளத்துப் பக்கம் கால் எட்டாது, வண்டி மெதுவாகச் சாயும். விழுந்தால் லீவர் வளையும், மாற்று லீவருக்கு ராஜபாளையமோ திருநெல்வேலியோ போக வேண்டியிருக்கும்.

கரிசல் மண் தனிப் பாடம். கோடையில் வெடித்துக் கிடக்கும் அதே மண், ஐப்பசி மழை பட்டதும் ஊதிப் பசையாகிவிடும். சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரத்தையே நிறுத்திவிடும். எண்டூரோவின் முன் மட்கார்டு டயரை விட்டு எட்ட உயரத்தில் நிற்பது அழகுக்காக அல்ல. சேறு விழுந்துபோக இடம் வேண்டும் என்பதற்காக. அப்படியிருந்தும் நல்ல கரிசல் சேற்றில் எந்த வண்டியும் தோற்கும். மழை விட்டு ஓரிரு நாள் பொறுப்பதே புத்தி.

கோடையில் சேற்றுக்குப் பதில் புழுதி. ஏர் ஃபில்டரைக் கவனிக்காமல் விட்டால் தூசி எஞ்சினுக்குள் போய் சிலிண்டரைத் தேய்க்கும். சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர், தார்ச் சாலைக் கணக்கு. காட்டுப் பாதையில் ஓட்டுகிறவர் அதற்கு முன்பே திறந்து பார்க்க வேண்டும். செயினைக் கழுவித் துடைத்து எண்ணெய் போட வேண்டும், ஸ்போக்ஸ் தளர்ந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் ஓட்டினால் ஒரு மணி நேரம் வேலை. போட்டிக்கென்றே செய்யும் எண்டூரோக்களில் இது இன்னும் கடுமை. அவற்றுக்கு ஆயில் மாற்றுவதையே ஓடிய மணி நேரத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். அவற்றில் பலவற்றுக்கு இங்கே பதிவு எண்ணும் கிடைக்காது.

பந்தய ஆசை இருப்பவர்களுக்கு ஒரு சேதி. உலகின் கடினமான டாக்கார் ரேலியை முடித்த முதல் இந்தியர் சி.எஸ்.சந்தோஷ், 2015இல் 36ஆவது இடம். 2024இல் கேரளத்து ஹரித் நோவா அங்கே ரேலி 2 பிரிவையே வென்றார். அவர் ஓட்டியது ஷெர்கோ டிவிஎஸ் அணிக்காக. ஓசூர்க் கம்பெனியான டிவிஎஸ்ஸுக்கும் அந்த வெற்றியில் பங்குண்டு.

ஆசை எங்கே நிற்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு மேற்கே மலை அழைக்கும். ஆனால் சிவகிரி, புளியங்குடிப் பக்கத்துக் காடு நெல்லை வனவிலங்கு சரணாலயம். அதற்கு வடக்கே 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். அனுமதியில்லாமல் உள்ளே போவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். போகவும் தேவையில்லை. கரிவலம், தாருகாபுரம், தென்மலை, தேவதானம், சங்கரன்கோவில் என்று நம் பஞ்சபூதத் தலங்கள் ஐந்தையும் சுற்றிவரும் வழியிலேயே குளத்துக்கரையும் வண்டிப்பாதையும் வேண்டிய அளவு கிடக்கின்றன. விதைத்த நிலத்தில் மட்டும் ஏற்றாதீர்கள். சைலன்சரை மாற்றி ஊரை எழுப்பாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அதற்கு இடம் தராது.

சரி, வாங்கலாமா? தோட்டத்துக்குப் போய் புல்லுக்கட்டு ஏற்றி வருவதுதான் வேலை என்றால் வேண்டாம். டிவிஎஸ் எக்ஸ்எல்லின் எடை 90 கிலோவுக்கும் குறைவு, விழுந்தாலும் ஒரே ஆள் தூக்கி நிறுத்தலாம், எந்த மெக்கானிக்கும் பிரிப்பார். கரடுமுரடான இடத்தில் எடை குறைந்த வண்டியே ராஜா என்பதை நம் சம்சாரிகள் நிறுவனங்களுக்கு முன்பே தெரிந்துவைத்திருந்தார்கள். தினமும் திருநெல்வேலி போய்வர வேண்டும் என்றாலும் வேண்டாம். அந்த நீண்ட சாலையில் எண்டூரோ இரைந்து களைத்துப்போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலையை ஓட்டுவதற்கும், அன்று மாலையைக் கழுவித் துடைப்பதற்கும் ஒதுக்க முடிகிறவர் மட்டும் வாங்கட்டும். இரண்டில் ஒன்றுதான் பிடிக்கும் என்றால், ஆறே மாதத்தில் வண்டி தார்ப்பாய்க்குள் போய்விடும். பணத்தில் முதல் பங்கை ஹெல்மெட்டுக்கும், முழங்கால் காப்புக்கும், கணுக்காலை மூடும் பூட்ஸுக்கும் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்கு வண்டி பாருங்கள்.