குளிசை நேரத்தைச் சொல்லும் பெட்டி: வீட்டுக் குரலை ஒரு சிறு கருவியில் பதிவது எப்படி?

வளர்ந்த வயதில் பார்வையை இழந்தவருக்குப் பிரெய்ல் எழுத்து இலகுவில் கைவருவதில்லை. செல்வீச்சிலோ கண்ணிவெடியிலோ கண்ணோடு விரல்களையும் இழந்தவருக்கு அந்த வழியே இல்லை. இன்று இவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது. நீரிழிவு, உயர் குருதி அமுக்கம் என்று நாள்தோறும் குளிசை எடுக்க வேண்டிய நிலை வந்திருக்கிறது. காலையில் எடுத்தாயிற்றா, எடுக்கவில்லையா என்ற சந்தேகம் சிறிய விடயமாகத் தோன்றலாம். ஆனால் சில குளிசைகளை இரண்டு தடவை எடுப்பது உயிருக்கே ஆபத்தாகும்.

திறன்பேசிகளில் தமிழில் வாசித்துச் சொல்லும் வசதி உண்டு. தொடுதிரையில் விரல் ஓட்டிப் பழகியவர்களுக்கு அது போதும். பழகாத முதியவருக்கு வேண்டியது, கைக்குத் தெரியும் இரண்டு பொத்தான்களும் வீட்டில் கேட்டுப் பழகிய ஒரு குரலும்தான். அப்படியொரு பெட்டியை, இலத்திரனியலில் ஆர்வமுள்ள ஒரு பாடசாலை மாணவர் சில வார இறுதிகளில் செய்துவிடலாம்.

குரலுக்கு ஏன் தனி இடம் வேண்டும்?

இத்தகைய கருவியின் மூளை நுண்கட்டுப்படுத்தி. மாணவர்களுக்கு நன்கு தெரிந்த ஆர்டுயினோ நானோ பலகையில் உள்ள சில்லின் நினைவகம் 32 கிலோபைற்று மட்டுமே. தொலைபேசித் தரத்தில் ஒரு செக்கன் குரலைச் சுருக்காமல் சேமிக்கவே 8 கிலோபைற்று தேவை. அதாவது, நினைவகம் முழுவதையும் குரலுக்கே கொடுத்தாலும் 4 செக்கன்தான் பேச முடியும். செய்நிரலுக்கு இடமே இராது.

ஆகவே குரலை ஒரு மைக்ரோ எஸ்.டி. அட்டையில் வைத்து, அதை வாசித்து ஒலிக்கும் வேலையை டி.எஃப். பிளேயர் மினி என்ற சிறு பலகையிடம் ஒப்படைக்கிறோம். நுண்கட்டுப்படுத்தி “12ஆம் பதிவை ஒலி” என்று கட்டளை இட்டால் போதும். அந்தப் பலகையில் 3 வாற்று வரையான ஒலிபெருக்கியை நேரடியாக இயக்கும் பெருக்கியும் இருக்கிறது. நடுத்தரமான எம்பி3 தரத்தில் ஒரு மணித்தியாலக் குரல் ஏறத்தாழ 29 மெகாபைற்றுத்தான். பழைய தொலைபேசியில் கிடக்கும் 2 ஜிகாபைற்று அட்டையே தாராளம்.

இவற்றோடு டி.எஸ். 3231 என்ற கடிகாரப் பலகை, ஒரு சிறிய ஒலிபெருக்கி, இரண்டு பெரிய பொத்தான்கள், காலை, மத்தியானம், இரவு என மூன்று அறைகள் கொண்ட பெட்டி, ஒவ்வொரு அறையின் மூடிக்கும் ஒரு சிறு ஆளி ஆகியவை வேண்டும். அந்தக் கடிகாரம் தனது நாணய மின்கலத்தில் ஓடுவதால் மின்சாரம் போனாலும் நேரத்தை மறக்காது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு மேல் பிழைக்கவும் மாட்டாது.

முதலில் வசனங்கள், பிறகுதான் வயர்கள்

பெட்டி எதைச் சொல்ல வேண்டும் என்பதை முதலில் தாளில் எழுதுங்கள். பாவிக்கப் போகிறவரோடு கதைத்து, அவருடைய பேச்சிலேயே எழுதுங்கள். “அப்பா, காலமைக் குளிசை எடுங்கோ. சாப்பிட்ட பிறகு” என்ற வசனம், “தயவுசெய்து காலை மருந்தினை உட்கொள்ளவும்” என்பதைவிட அவருக்கு விரைவாக விளங்கும்.

பெட்டிக்குத் தெரிந்ததை மட்டுமே பெட்டி சொல்ல வேண்டும். மூடி திறந்தது அதற்குத் தெரியும், குளிசை வாய்க்குப் போனது தெரியாது. எனவே “காலமைக் குளிசை எடுத்தாச்சு” என்று பதியாதீர்கள். “காலமை அறை திறந்தாச்சு”, “காலமை அறை இன்னும் திறக்கேல்லை” என்று பதியுங்கள். அறையைத் தடவிப் பார்த்து மிச்சத்தை அவரே முடிவு செய்வார்.

குளிசையின் பெயரையும் அளவையும் குரலில் சேர்க்காதிருப்பது நல்லது. கிளினிக்கில் மருந்து மாறும்போது பழைய குரல் தொடர்ந்து பிழையாகச் சொல்லிக்கொண்டிருக்கும். அறைகளில் குளிசையை நிரப்புவது, கிளினிக் கொப்பியைப் பார்த்து வீட்டில் ஒருவர் செய்ய வேண்டிய வேலையாகவே இருக்கட்டும்.

தமிழ் எண்கள் ஒட்டிக்கொள்ளும்

நேரம் சொல்லும் பகுதியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஆங்கிலத்தில் இருபது, ஐந்து என்ற இரண்டு பதிவுகளை அடுத்தடுத்து ஒலித்தால் இருபத்தைந்து ஆகிவிடும். தமிழில் அப்படிச் செய்தால் “இருபது ஐந்து” என்று கேட்கும். கேட்பவருக்கு அது இரண்டு தனி எண்கள். நமது மொழியில் எண்கள் புணர்ந்து உருமாறுவதால் ஒவ்வொரு எண்ணையும் முழுதாகப் பதிய வேண்டும்.

இன்னொன்று, குரலின் ஏற்ற இறக்கம். “எட்டு மணி” என்று முடிக்கும்போது குரல் தாழும். “எட்டு மணி பத்து நிமிடம்” என்று தொடரும்போது தாழாது. ஒரே பதிவை இரண்டுக்கும் பாவித்தால் பேச்சு வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும். 12 மணிகளையும் இரண்டு விதமாகப் பதிந்தால் 24 பதிவுகள். நிமிடங்களை ஐந்து ஐந்தாகச் சொன்னால் போதும் என்று வைத்தால் 11 பதிவுகள். காலமை, மத்தியானம், பின்னேரம், இரவு என 4. மொத்தம் 39.

மூன்று அறைகளுக்கும் நினைவூட்டல், திறந்தாச்சு, திறக்கேல்லை, “இது இப்ப எடுக்கிற அறை இல்லை” என்ற எச்சரிக்கை என நான்கு வகையில் 12 பதிவுகள். “சரி” என்று ஒன்று. பெட்டி தொடங்கும்போது ஒன்று, கடிகாரம் பிழைத்தால் “நேரம் பிழை, ஆரையும் கூப்பிடுங்கோ” என்று ஒன்று. எல்லாம் சேர்த்து 54 பதிவுகளோடு பெட்டி முழுமையாகப் பேசிவிடும்.

பதிவு செய்தல்

கையடக்கத் தொலைபேசியே போதும். மெத்தையும் துணிகளும் நிறைந்த அறை எதிரொலியைக் குறைக்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். தொலைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே இருப்பில் பதியுங்கள். மறுநாள் குரலும் அறையும் மாறிவிடும். எண்களைத் தனிச் சொல்லாகச் சொல்லாமல் முழு வசனமாகச் சொல்லிவிட்டு, வேண்டிய துண்டை வெட்டி எடுத்தால் பேச்சு இயல்பாக வரும்.

வெட்டுவதற்கு ஓடாசிற்றி என்ற இலவச மென்பொருள் உதவும். முன்னும் பின்னும் உள்ள வெறுமையை நீக்கி, எல்லாப் பதிவுகளின் சத்தத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஒற்றைத் தடத்தில் எம்பி3 ஆகச் சேமியுங்கள்.

அட்டையை எஃப்.ஏ.ரி. 32 முறையில் வடிவமைத்து, எம்பி3 என்ற பெயரில் (ஆங்கிலச் சிறிய எழுத்துகளில்) ஒரு கோப்புறை உருவாக்கி, கோப்புகளுக்கு 0001, 0002 என நான்கு இலக்கப் பெயர் இடுங்கள். கோப்புகளை வெளியே சும்மா போட்டால், பலகை பெயரைப் பார்க்காமல் அட்டையில் பிரதி செய்த வரிசையையே எண்ணும். “எட்டு மணி” வரவேண்டிய இடத்தில் “இரவு அறை” வருவதற்கு பெரும்பாலும் இதுதான் காரணம்.

இணைப்பு

டி.எஃப். பிளேயர் பலகைக்கு நானோவின் 5 வோல்ற்று முனையிலிருந்தும் தரை முனையிலிருந்தும் மின் கொடுங்கள். பலகையின் அனுப்பும் முனையை நானோவின் 10ஆம் முனையோடும், பெறும் முனையை 11ஆம் முனையோடும் இணையுங்கள். பெறும் முனைக்குப் போகும் வயரில் 1 கிலோஓம் தடையி ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். அது இல்லாவிட்டால் ஒலிபெருக்கியில் இரைச்சல் கேட்கும். ஒலிபெருக்கியின் இரு வயர்களும் பலகையின் இரு ஒலிபெருக்கி முனைகளுக்கே போக வேண்டும். எதையும் தரையோடு இணைக்கக் கூடாது. சத்தம் கூடும்போது நானோ திடீரென மீளத் தொடங்கினால், மின்முனைகளுக்குக் குறுக்கே 470 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

செய்நிரல் எழுதுமுன் ஒரு சோதனை செய்யலாம். பலகையின் ஐ.ஓ. 2 என்ற முனையை ஒரு கணம் தரையோடு தொட்டால் அடுத்த பதிவு ஒலிக்கும். ஒலித்தால் அட்டையும் ஒலிபெருக்கியும் சரி. இனி வரும் பிழை செய்நிரலில்தான்.

பதிவுகளை அடுத்தடுத்து ஒலிக்க, பலகையில் உள்ள பிஸி என்ற முனை உதவும். ஒலிக்கும்போது அது தாழ்நிலையில் இருக்கும், முடிந்ததும் உயர்நிலைக்கு வரும். கட்டளை கொடுத்ததும் கால் செக்கன் பொறுத்து, அது உயரும்வரை காத்திருந்து அடுத்ததை ஒலிக்க வேண்டும். அந்தக் கால் செக்கனை விட்டுவிட்டால் முதற்சொல் ஒலிக்குமுன்னரே அடுத்தது பாய்ந்துவிடும்.

மின்சாரம் போய் வந்தால்?

மூடி திறந்த செய்தியைச் சாதாரண நினைவகத்தில் வைத்தால், மின்சாரம் ஒரு நொடி போய் வந்ததும் அது அழிந்துவிடும். பிறகு பொத்தானை அழுத்தினால் “காலமை அறை இன்னும் திறக்கேல்லை” என்று பெட்டி பொய் சொல்லும். இந்தப் பிழை ஆபத்தானது. நானோவில் மின்சாரம் போனாலும் அழியாத 1 கிலோபைற்று நினைவகம் தனியாக இருக்கிறது. ஒவ்வொரு முறை மூடி திறக்கும்போதும் திகதியையும் அறையையும் அதில் எழுதுங்கள். அது 100,000 தடவை எழுதினாலும் தாங்கும் என்பதால் நாளுக்கு மூன்று முறை எழுதுவது பொருட்டல்ல.

மின்வெட்டுக்காகப் பவர் பாங்க் பாவிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறைந்த மின்னோட்டம் எடுக்கும் கருவியை, இணைப்பே இல்லை என்று எண்ணி அணைத்துவிடும் வகைகள் பல உண்டு. வாங்கியதும் ஒரு நாள் முழுவதும் ஓடவிட்டுப் பாருங்கள்.

பார்வை இல்லாதவருக்குப் பெட்டி அணைந்திருப்பதும் நேரம் வராததால் பேசாதிருப்பதும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே நேரம் கேட்கும் பொத்தானை அழுத்திப் பதில் வராவிட்டால் பெட்டியை நம்பக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள்.

சத்தமும் குரலும்

செல்வீச்சின் அருகில் இருந்தவர்கள் பலருக்குக் காதும் பாதிக்கப்பட்டிருக்கும். பேரொலி முதலில் கெடுப்பது 3,000 முதல் 6,000 ஹேர்ற்ஸ் வரையான கீச்சு ஒலிகளைக் கேட்கும் திறனை. கடையில் வாங்கும் சிறு பீப் ஒலிப்பான்கள் பல அந்த எல்லையை ஒட்டியே ஒலிக்கின்றன. தாழ்ந்த தொனியில், நிறுத்தி நிதானமாகப் பேசும் குரல் அதைவிடத் தெளிவாகக் கேட்கும்.

சைரன் போன்ற ஒலிகளைத் தவிருங்கள். திடீர் பேரொலிக்கு இன்றும் உடல் நடுங்குபவர்கள் எம்மிடையே உண்டு. பலகையில் 0 முதல் 30 வரை ஒலி அளவு வைக்கலாம். 10இல் தொடங்கி, பதில் இல்லாவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சிறிது சிறிதாகக் கூட்டினால் போதும்.

யாருடைய குரல் என்பதையும் அவரிடமே கேளுங்கள். வெளிநாட்டிலுள்ள மகள் தொலைபேசியில் பதிந்து அனுப்பும் குரல் ஒருவருக்கு ஆறுதலாகலாம். இறந்துபோனவரின், காணாமல் ஆக்கப்பட்டவரின் பழைய ஒலிநாடாக் குரலை ஆச்சரியப்படுத்துவதற்காகப் பெட்டியில் வைக்க வேண்டாம். அதை நாளுக்கு மூன்று முறை கேட்பதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் அவர் மட்டுமே.

பெட்டி தயாரானதும் முதல் இரண்டு வாரமாவது வீட்டில் ஒருவர் கொப்பியில் தனியாகக் குறித்து, பெட்டி சொல்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போன பிறகு அதை அவர் கைக்கு விடலாம். பிறகு குரலையோ வசனத்தையோ மாற்ற வேண்டுமானால், அட்டையைக் கழற்றி அந்த எண்ணுள்ள கோப்பை மட்டும் மாற்றினால் சரி. வயரிலோ செய்நிரலிலோ கைவைக்கத் தேவையில்லை.